கல்கட்டு கற்றுக்கொள்கிறேன் என்கிற மகனுக்கு என்ன வழி?

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். ஆனால் இந்த லீவு முழுக்க உங்கள் அண்ணனோடு போய், தளி பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குச் சிமென்ட் போடாமல் கல்லை மட்டும் அடுக்கி நிறுத்தும் கல்கட்டுச் சுவர் ஒன்றைக் கட்டிவிட்டு வந்து, "மாமாகிட்ட இதையே கத்துக்கிறேன்" என்று நிற்கிறான். "கல் சுமக்கிறது எங்க அண்ணனோட போகட்டும்னுதானே இவனைப் படிக்க வெச்சேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியை என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. நம் பக்கத்தில் கல்வேலை என்றாலே குவாரியும் முன்பணமும் அடைபடாத கடனும் நினைவுக்கு வருகிற வீடுகள் நிறைய உண்டு. உங்கள் பயம் பட்டு வந்த பயம். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கற்றுக்கொள்ளட்டும், ஆனால் சிவில் டிப்ளமோவோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளட்டும். கையில் தொழில், பெட்டியில் சான்றிதழ், இரண்டும் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்கிறேன் என்றால் நீங்கள் சம்மதிக்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் செய்வது வெறும் சுமை வேலை இல்லை அம்மா. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மேஸ்திரி கல் அடுக்குவதை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்லை எடுத்துக் கையில் இரண்டு முறை புரட்டுவார். நீளமான பக்கம் சுவரின் உள்ளே போகிற மாதிரி வைப்பார். பார்வைக்கு அழகாக இருக்குமே என்று நீளத்தை வெளியே காட்டிப் படுக்க வைப்பதில்லை, அப்படி வைத்த கல் சீக்கிரம் பிதுங்கி வந்துவிடும். வைத்ததும் உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் சின்ன ஆப்புக்கல்லை உள்பக்கத்திலிருந்து செருகுவார். கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் சந்தின் மேல்தான் அடுத்த வரிசைக் கல் உட்காரும், சந்துக்கு மேல் சந்து வரவே கூடாது. இடையிடையே சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகிற நீளக்கல் ஒன்றைக் குறுக்கே போட்டு இரண்டு முகத்தையும் கட்டுவார்.

நடுவில் நிரப்பும் சில்லுக்கல்லையும் ஒவ்வொன்றாகக் கையால்தான் வைத்தார். "மண்ணை வாரிக் கொட்டிடலாமே" என்றேன். "மழை வந்தா மண்ணு ஓடிடும் சார். உள்ள பொந்து விழும், சுவர் வயிறு தள்ளிடும்" என்றார். கல்லூரியில் ஒரு முழுப் பாடமாக நடத்த வேண்டிய விஷயம் இது.

எடையும் உராய்வும்தான் இந்தச் சுவரை நிறுத்துகின்றன. நாலரை அடி உயரத்துக்குக் கட்டினால் அடியில் சுமார் இரண்டேகால் அடி அகலம், மேலே அதில் பாதி என்பது பிரிட்டனில் வழக்கமாக இருக்கும் அளவு. நம் ஊர்க் கருங்கல்லில் அப்படிக் கட்டினால் ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் ஒன்றரை டன் கல் பிடிக்கும். இரண்டு முகமும் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பதால் சுவர் தன் பாரத்திலேயே இறுகுகிறது. சரிவு நிலத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நான் படித்த பள்ளியில் மேட்டை ஒட்டிச் சிமென்ட் வைத்துக் கட்டின மதில் ஒன்று, நீர் கசிந்து வெளியேற ஓட்டை விடாததால் ஒரே மழையில் சாய்ந்தது. இரவு நேரம் என்பதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். சிமென்ட் இல்லாத கல்கட்டில் இடுக்குகள் வழியே தண்ணீர் போய்விடும், பின்னால் தேங்கித் தள்ளாது, மண் மட்டும் நிற்கும். மேட்டுக் கொல்லைகளில் நம் பெரியவர்கள் கல்வரப்பு போட்டதும், பழைய கிணறுகளுக்கு உள்சுற்றில் கல் அடுக்கினதும் இதைத் தெரிந்துதான்.

பழுது பார்ப்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் குருத்திலேயே பிடுங்க வேண்டும். மேல்கல் விழுந்தால் உடனே எடுத்து வைக்க வேண்டும். சரிந்த இடத்தில் சிமென்ட் பூசி ஒட்டவே கூடாது, தண்ணீர் உள்ளேயே அடைபட்டுப் பக்கத்துச் சுவரும் போய்விடும். நிற்கிற பகுதி வரை பிரித்து, அதே கல்லை வைத்தே திரும்ப அடுக்க வேண்டும். புதுக்கல் வாங்க வேண்டிய செலவு பெரும்பாலும் இருக்காது.

சரி, பிழைப்பு? உள்ளதைச் சொல்கிறேன். கல்கட்டு ஆள் தேவை என்று நம் ஊரில் யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஓசூர், தளி, ஏற்காடு பக்கம் பண்ணை வீடுகள், தங்கும் விடுதிகள், பெங்களூருவில் தோட்டம் அமைப்பவர்கள், சரிவு நிலத்து விவசாயிகள், நீர்வடிப்பகுதித் திட்டங்களில் வரும் கல்வரப்பு, கல் தடுப்பணை, இப்படித் துண்டு துண்டாகத்தான் வேலை வரும். கையை மட்டும் நம்பினால் இன்னொருவரின் கூலியாள். வரைபடம் போடவும், மதிப்பீடு தயாரிக்கவும், மட்டம் பார்க்கவும் தெரிந்தால் அவனே வேலையை எடுத்துச் செய்யலாம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் டிப்ளமோ என்கிறேன்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது இரண்டே வருடம். பிறகு மனம் மாறினால் பி.இ. சிவிலிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது, எதுவும் வீணாகாது. அரசு பாலிடெக்னிக்கை முதலில் பாருங்கள், கட்டணம் மிகக் குறைவு. சனி, ஞாயிறும் லீவும் மாமாவோடு. சிற்பம், கோயில் கட்டடம் என்று ஆசை திரும்பினால் மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அது வேறு பாதை, அவன் கேட்டால் மட்டும் பேசுவோம்.

வெளிநாடு பற்றி அவன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பொய்யில்லை. கிரீஸ், இத்தாலி, பிரான்ஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் கல்கட்டுக் கலையை 2018-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் 1968 முதல் இதற்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது, படிப்படியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. அதற்காக இப்போதே எந்த ஏஜென்டிடமும் பணம் கட்டிவிடாதீர்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். கல் அடுக்குவதில் தூசி குறைவுதான். மிஷின் வைத்துக் கல் அறுக்கிற இடத்தில் நிற்கும்போதுதான் ஆபத்து. அந்தத் தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸை முழுதாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று அண்ணன் சொல்வார், போதாது. சரியான முகக்கவசம், கண்ணாடி, இரும்பு முனை வைத்த ஷூ மூன்றும் வாங்கிக் கொடுங்கள். கிடக்கிற கல்லுக்கு அடியில் கை விடுமுன் கடப்பாரையால் புரட்டச் சொல்லுங்கள், தேளும் பாம்பும் குடியிருக்கும். பதினெட்டு முடிந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். விபத்து உதவி அதில் உண்டு. அண்ணன் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

அப்புறம், காட்டிலும் புறம்போக்கிலும் கிடக்கிற கல்லை அனுமதி இல்லாமல் அள்ளக் கூடாது. நிறையப் பேர் இதில்தான் வழக்கில் மாட்டுகிறார்கள். முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் கொல்லையில் மேல் வரப்பு சரிந்து கிடப்பதாக எழுதியிருந்தீர்களே, அதில் பத்தடியை அவனிடம் விடுங்கள். மாமா கல்லைத் தொடக் கூடாது, பார்த்துச் சொல்லலாம். பழையதை அடி வரை பிரிக்கட்டும், கல்லைப் பெரிது, நடுத்தரம், சில்லு என்று தனித்தனியாகக் குவிக்கட்டும், நூல் கட்டி அடுக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம், மூன்று வாரம் ஆகட்டும். பத்தாவது நாள் வெயிலில், விரல் நசுங்கிய பிறகும், காலையில் அவனாகவே எழுந்து போகிறானா என்று பாருங்கள். இரண்டு நாள் ஆசை என்றால் அதற்குள் தெரிந்துவிடும்.

அதற்காக பாலிடெக்னிக் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போட்டுவிடுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் அந்தப் பத்தடிச் சுவரைப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வயிறு தள்ளியிருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன், அண்ணனிடமும் காட்டுங்கள்.