கைரேகை வைக்க மறுத்துவிட்டோம். தடை வாங்க முடியுமா?

கேள்வி: சென்னை பிராட்வே பக்கம் நடைபாதையில்தான் நான் பிறந்தேன். பாட்டி காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறோம். பாட்டி, அம்மா, நான், அண்ணன், அண்ணி, குழந்தை என ஆறு பேர். புறநகரான பெரும்பாக்கத்தில் வீடு தருகிறோம், காலி செய்யுங்கள் என்கிறார்கள் அதிகாரிகள். கணக்கெடுக்க வந்தபோது கைரேகை வைக்க மறுத்துவிட்டோம். மறுநாள் அடுப்பையும் பாத்திரத்தையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள், வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அம்மா பூ விற்கிறார். உயர் நீதிமன்றத்தில் தடை கிடைக்குமா?

பதில்: பாத்திரத்தை அள்ளிக்கொண்டு போனதும் பேசிய பேச்சும் தப்பு. அதற்குத் தனியாகப் புகார் எழுதிக் கொடுங்கள். உங்கள் வழக்கு அதில் நிற்காது. ‘கைரேகை வைக்க மறுத்துவிட்டோம்’ என்ற வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாழ்வுரிமையில் பிழைப்பும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னது பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில்தான். ஓல்கா டெல்லிஸ் வழக்கு. அந்த வரியை எல்லோரும் சொல்வார்கள். அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க உரிமை கிடையாது என்று சொல்லி, அக்டோபர் 31 வரை அவகாசம் மட்டும் கொடுத்தது. மாற்று இடம் தரச் சொன்னது யாருக்குத் தெரியுமா? 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன புல்டோசர் தீர்ப்பைச் சிலர் காட்டுவார்கள். இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் என்ற அந்த விதியிலும் சாலை, நடைபாதை, நீர்நிலைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். இடம் கிடைக்காது.

கைரேகை வைத்தால் காலி செய்யச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இல்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு நாளைக்கு உங்கள் கையில் இருக்கப்போகும் சாட்சியே அதுதான்.

நான் பார்த்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர், மூவருக்கும் கல்யாணமாகிவிட்டது. ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இருந்ததால் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டார்கள். அவர்களும் ‘வீடு வந்தால் போதும்’ என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். பதினொரு பேருக்கு ஒரு சின்ன வீடு வந்தது. ஆறே மாதத்தில் இரண்டு தம்பிகளும் குழந்தைகளோடு பழைய நடைபாதைக்கே வந்துவிட்டார்கள். திருத்தக் கேட்டு மனு கொடுத்தால், ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்ற குடும்பம் என்று பதில் வந்தது. அந்த அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளை எடுத்து என் மேசையில் பரப்பினார். முகவரி என்ற இடத்தில் ‘பிளாட்பாரம்’ என்று எழுதி, பக்கத்துக் கடையின் பெயரும் இருந்தது. அத்தனை நல்ல ஆதாரம், கணக்கெடுத்த அன்று டின்னுக்குள்ளேயே இருந்திருக்கிறது. உங்கள் அண்ணன் குடும்பம் தனிக் குடும்பம். அதை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. வீடு கிடைத்தபின் பூட்டிப்போட்டுவிட்டு வியாபாரத்துக்காக நடைபாதைக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்துவிட்டு ‘ஏன் அங்கே குடியிருக்கவில்லை’ என்று கேட்பதில் இரக்கமே இல்லை. ஆனாலும் பூட்டிய வீட்டையும் வாடகைக்கு விட்ட வீட்டையும் காரணம் காட்டி ஒதுக்கீட்டை ரத்து செய்வார்கள். இரண்டாவது வீடு வராது. அம்மாவின் பூக்கடைக்கும் வீட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அது 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டத்தில் வருகிற தனி உரிமை. மாநகராட்சியின் விற்பனைக் குழுவில் அடையாள அட்டைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

சரி, என் யோசனை: சண்டையை விட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். முடிந்தால் வடசென்னையிலேயே வீடு, இல்லாவிட்டால் பெரும்பாக்கம், இரண்டு ஒதுக்கீடு, ஒன்று அம்மா பெயரில், ஒன்று அண்ணி பெயரில், பாட்டிக்காகத் தரைத்தளம். லிஃப்டை நம்பி எட்டு மாடிக் கட்டடத்தில் வயதானவரை ஏற்ற வேண்டாம். அதுவரை மாநகராட்சிக் காப்பகத்தில் தங்கச் சொன்னால் யோசித்துப் போங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பெரும்பாலும் பிரித்துவிடுவார்கள், மறுபடி கணக்கெடுக்க வரும் நாளில் நடைபாதையில் ஆள் இருக்க மாட்டீர்கள். வீடு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, உங்கள் பள்ளிச் சான்றிதழ், குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். விடுபட்ட எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் (பழைய குடிசை மாற்று வாரியம்), திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கலெக்டருக்கும் மனு கொடுங்கள். இரண்டு இடத்திலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் திரும்பாதீர்கள்.