துணிக்கைகளை மோதவிட்டுப் பார்த்தால் பிரபஞ்சத்தின் தொடக்கம் எப்படித் தெரியவரும்?

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வகுப்பில் வந்துவிடும். பெருவெடிப்பு என்றதும் எல்லோருக்கும் தொலைநோக்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் வயதாகும்வரை அது ஒளி ஊடுருவாத குழம்பு. அதற்கு முந்திய கதையைத் தொலைநோக்கியில் நேரே பார்க்க முடியாது.

ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் என்ற துணிக்கை ஆய்வுகூடத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டு, பிரபஞ்சம் மைக்ரோசெக்கன் வயதில் இருந்த நிலையைச் சிறிதளவில் உண்டாக்குகிறார்கள். பத்திரிகைகளில் வருவது இதுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது, ஆதியில் எவ்வளவு ஈலியம் உண்டானது என்ற கணக்கு.

ஒரு செக்கன் வயதில் சூடு 1000 கோடி பாகை அளவில் இருந்தது. நியூத்திரினோ என்ற மிக இலேசான, ஏற்றமில்லாத துணிக்கைகளும் இலத்திரன்களும் மோத மோத, புரோத்தன் நியூத்திரனாகவும் நியூத்திரன் புரோத்தனாகவும் மாறிக்கொண்டே இருந்தன. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் லோஞ்ச் ஓடுகிற மாதிரி என்று வையுங்கள். கடைசி லோஞ்சும் போய்விட்டால் நின்றவர் நின்ற கரைதான். பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்தபோது இந்தப் போக்குவரத்தும் அப்படித்தான் நின்றது. நியூத்திரன் 0.14 சதவீதம் பாரம் கூடியது, ஆகவே அந்தக் கரையில் ஆள் குறைவு: ஆறு புரோத்தனுக்கு ஒரு நியூத்திரன்.

தனியே விட்ட நியூத்திரன் சராசரியாக 15 நிமிடந்தான் தாங்கும். இது ஆய்வுகூடத்தில் அளந்தது. அணுக்கருக்கள் சேரும் அளவுக்குக் குளிரச் சில நிமிடம் பிடித்தது, அதற்குள் கொஞ்சம் சிதைந்து ஏழுக்கு ஒன்றாயிற்று. சரி, 14 புரோத்தன், 2 நியூத்திரன் எடுங்கள். இரண்டும் இரண்டும் சேர்ந்து ஒரு ஈலியம். பதினாறில் நாலு, திணிவில் கால்வாசி. நட்சத்திரங்கள் அதிகம் கலக்காத பழைய வாயுவிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கிறது.

இனித்தான் விசேஷம். நியூத்திரினோ வகைகள் கூடக்கூட பிரபஞ்சம் வேகமாக விரியும், லோஞ்சும் நேரத்தோடு நின்றுவிடும், நியூத்திரன்கள் கூடுதலாக மிஞ்சும், ஈலியமும் கூடும். இதை வைத்து 1980களில் வானியல் பக்கத்தார், நியூத்திரினோவில் நான்கு வகைக்கு மேல் இராது என்றார்கள். 1989இல் அதே சேர்னின் 27 கிலோமீற்றர் வளையத்தில், சிதையும்போது நியூத்திரினோக்களாகவும் மாறக்கூடிய இசட் என்ற துணிக்கையின் சிதைவை அளந்து பார்த்தபோது மூன்று என்று வந்தது. வானத்தை ஒருமுறையும் பார்க்காத கருவி அது! முதல்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

போன வருடம் ஒரு மாணவி, “அப்ப இலிதியமும் சரியா வருமோ, சேர்?” என்று கேட்டாள். வராது. ஈலியத்தோடு கொஞ்சமாக உண்டான மூலகம் அது; கணக்குச் சொல்வதில் மூன்றிலொரு பங்களவுதான் பழைய நட்சத்திரங்களில் தெரிகிறது. நட்சத்திரங்களே அதைத் தின்றுவிட்டனவா, நம் பட்டியலில் ஏதாவது துணிக்கை விடுபட்டிருக்கிறதா என்று இன்னும் அடிபடுகிறார்கள்.