டொரண்டோல கேமரா அசிஸ்டெண்ட் வேலை: புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: பிஆர்ல (நிரந்தரமா தங்கற உரிமையோட) வந்து இறங்கியாச்சு, ஊர்ல ஒரு ஒளிப்பதிவாளர்கிட்ட சில வருஷம் அசிஸ்டெண்டா இருந்திருக்கேன், டொரண்டோல கேமரா டிபார்ட்மெண்ட்ல நுழையணும்னா ஷோரீலை (எடுத்த ஷாட்களோட தொகுப்பு வீடியோவ) யாருக்கு அனுப்பணும், இதை நம்பி குடும்பம் நடத்த முடியுமான்னு.

ஷோரீல யாரும் பாக்க மாட்டாங்க, அத முதல்லயே சொல்லிடறேன். ஃப்ரேம் நல்லாருக்கா லைட்டிங் நல்லாருக்கான்னு பாத்து இங்க அசிஸ்டெண்ட எடுக்கறதில்ல. ஊர்ல நீங்க பண்ணது என்ன? டிஓபி, அதாவது ஒளிப்பதிவாளர் பக்கத்துல நின்னு மீட்டர் பாக்கறது, லைட்மேன்கிட்ட சொல்லி வேலை வாங்கறது, மானிட்டர் பாக்கறது, சமயத்துல செகண்ட் கேமரா ஆபரேட் பண்றது. லென்ஸ் மாத்தறதும் பெட்டி தூக்கறதும் கேமரா கம்பெனில இருந்து கூடவே வர்ற யூனிட் ஆளுங்க வேலை, பாதி படத்துல ஃபோகஸ் புல்லரும் (ஷாட் நடக்கும்போது ஃபோகஸ் திருப்பறவர்) அங்கிருந்தே வந்துடுவார். இங்க கேமரா வாடகைக்கு விடற ரெண்டல் ஹவுஸ் பெட்டிய மட்டும்தான் குடுப்பான், ஆள குடுக்க மாட்டான். அந்த பெட்டிக்குள்ள இருக்கற ஒவ்வொரு கேபிளும் ஸ்க்ரூவும் கேமரா அசிஸ்டெண்ட் பொறுப்பு. அதனால நீங்க இங்க தேடற வேலை உங்க பழைய யூனிட் ஆளுங்க வேலைக்குத்தான் கிட்ட வரும், உங்க பழைய வேலைக்கு இல்ல. இத கேட்டு சில பேருக்கு முகம் சுருங்கிடும். சுருங்கினா இந்த லைன் வேண்டாம், நேரா சின்ன படத்துல டிஓபி ஆக ட்ரை பண்ணுங்க, அதுவும் ஒரு வழிதான்.

இங்க ஃபர்ஸ்ட் ஏசின்னா (ஏசி, அசிஸ்டெண்ட் கேமரா) ஃபோகஸ் புல்லர், கேமரா பாடிக்கு அவர்தான் பொறுப்பு. செகண்ட் ஏசி கிளாப் அடிப்பார், நடிகர் நிக்கற இடத்துக்கு மார்க் போடுவார், லென்ஸ் கொண்டு வருவார், பேட்டரி, மெமரி கார்டு கணக்கு, பேப்பர் வேலை எல்லாம் அவர்தான். அதுக்குக் கீழ ட்ரெய்னி. இது டிஓபி ஆகறதுக்கு ஏறிப் போற படிக்கட்டுன்னு யாரும் நினைக்கறதில்ல, அறுபது வயசுலயும் ஃபோகஸ் மட்டுமே பண்ணி மரியாதையா இருக்கற ஆளுங்க இருக்காங்க, பெரிய டிஓபிங்க அவங்க தேதிக்காக காத்திருப்பாங்க. இண்டர்வியூ மாதிரி பேச்சு வரும்போது "என் கனவு டிஓபி ஆகறதுதான்"னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த நிமிஷமே உங்கள லிஸ்ட்ல கீழ தள்ளிடுவாங்க, இவன் ஷூட்டிங்ல மானிட்டர் பாத்துட்டு நிப்பான் வேலை பாக்க மாட்டான்னு.

நுழையற வழிக்கு வர்றேன். ஒண்டாரியோ, கியூபெக், அட்லாண்டிக் பக்கம் கேமரா யூனியன் ஐயாட்சி (IATSE) 667, மேற்கு கனடாவுக்கு 669. டொரண்டோல நாபெட் 700-எம்னு இன்னொரு யூனியனும் கேமரா ஆளுங்கள வச்சிருக்கு. 667ல ட்ரெய்னி ப்ரோக்ராம் உண்டு, எப்ப ஆள் எடுக்கறாங்க என்ன பேப்பர் கேக்கறாங்கன்னு அவங்க ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க, வாட்ஸப் குரூப்ல சுத்தற பழைய தகவல நம்பாதீங்க. ஆனா என் கருத்துல உங்கள மாதிரி யாரையும் தெரியாம வர்றவங்களுக்கு நல்ல வழி ரெண்டல் ஹவுஸ் வேலைதான். சம்பளம் பெருசா இருக்காது, ஆனா ப்ரெப்புக்கு (ஷூட்டுக்கு முந்தின தயாரிப்பு வேலைக்கு) வர்ற ஒவ்வொரு ஃபர்ஸ்ட் ஏசியையும் நேருக்கு நேரா பாப்பீங்க, அலெக்ஸா, வெனிஸ் கேமரா, பிரஸ்டன் ஃபோகஸ் கன்ட்ரோல், டெராடெக் வயர்லெஸ் வீடியோ எல்லாம் கையில புரளும், திடீர்னு எவனுக்காவது நாளைக்கு ஒரு ஆள் வேணும்னா அவன் கண்ணுல படற முதல் ஆள் நீங்கதான். ஒரு நாள் வேலை, டே கால்னு சொல்லுவாங்க, அதுதான் உங்க உண்மையான ஆடிஷன்.

ப்ரெப்ன்னா ஷூட்டுக்கு முன்னாடி அந்த ரெண்டல் ஹவுஸ்லயே நாள் கணக்குல கேமராவ கட்டிப் பாக்கறது. லென்ஸ் ஒவ்வொண்ணையும் சார்ட் முன்னாடி வச்சு, ரிங்ல எழுதியிருக்கற தூரமும் நிஜ தூரமும் ஒத்து வருதான்னு டேப் புடிச்சு பாக்கணும், ஃபோகஸ் மோட்டாருக்கு லென்ஸ் மேப் போடணும் (எந்தத் தூரம் ரிங்ல எங்க இருக்குன்னு பதிஞ்சு வைக்கறது), ஸ்டுடியோ மோடு, ஹேண்ட்ஹெல்டு, ஸ்டெடிகேம் மூணுக்கும் கட்டிப் பிரிச்சுப் பாக்கணும், கேஸ் எல்லாத்துக்கும் லேபிள். ஊர்ல இதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடிஞ்சிரும். இங்க படம் எப்படிப் போகும்னு பாதி தீர்மானமாகறதே இந்த ப்ரெப்ல தான்.

செட்ல உங்க கை எப்படி வேலை செய்யுதுன்னு பாப்பாங்க, வாய் இல்ல. டிஓபி "ஐம்பது"ன்னு (50 எம்எம் லென்ஸ்) வாக்கி-டாக்கில சொன்னா "ஐம்பது வருது"ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் நகரணும், சொல்லாம ஓடினா அவருக்கு கேட்டுச்சா இல்லையான்னு தெரியாது. லென்ஸ ஃபர்ஸ்ட் ஏசி கையில குடுக்கும்போது அவர் "காட் இட்"னு சொல்ற வரைக்கும் விரல விடக்கூடாது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல புடிச்சிருக்கற அந்த அரை செகண்ட் ரொம்ப முக்கியம். கழட்டின லென்ஸ் வலது கையில வாங்கி புதுசு இடது கையில குடுக்கறதா இல்ல வேற மாதிரியாங்கறது ஒவ்வொரு ஃபர்ஸ்ட்டுக்கும் ஒரு பழக்கம், முதல் நாளே கேட்டுக்கோங்க. கார்டுல ஒட்டற டேப் கலரும் அப்படித்தான், எந்தக் கலர் ஷூட் பண்ணது எந்தக் கலர் காலின்னு கேக்காம நீங்களா ஊகிக்கவே கூடாது, அந்த கார்ட எவனாவது ஃபார்மேட் பண்ணிட்டா ஒரு நாள் ஷூட்டே போச்சு.

கிளாப் விஷயம் சின்னதா தெரியும், ஆனா புதுசா வந்தவன உடனே காட்டிக் குடுக்கறது அதுதான். ஊர்ல சீன், ஷாட், டேக்னு போடுவோம். இங்க அமெரிக்கன் முறை, சீன் 42ன்னா முதல் செட்டப் (கேமரா வைக்கற நிலை) வெறும் 42, அடுத்தது 42ஏ, 42பி, அப்படியே போகும், ஐயும் ஓவும் ஒண்ணு, சைபர் மாதிரி தெரியும்ங்கறதால அந்த ரெண்டு எழுத்தையும் தாண்டிடுவாங்க. எது எந்த லெட்டர்னு ஸ்க்ரிப்ட் சூப்பர்வைசர்கிட்ட ஒத்துப் பாத்துக்கணும். குளோசப்ல நடிகர் முகத்துக்குப் பக்கத்துல அடிக்கும்போது மெதுவா அடிக்கணும், அழற சீன்ல ஒருத்தர் மூட் ஏத்திட்டு நிக்கறப்போ பட்டாசு மாதிரி அடிச்சீங்கன்னா யாரும் திட்ட மாட்டாங்க, ஆனா மறுபடி கூப்பிடவும் மாட்டாங்க. அடிச்சதும் எந்தப் பக்கம் வெளிய போறதுன்னு முன்னாடியே பாத்து வச்சிட்டு உள்ள போங்க.

ஃபோகஸ் பத்தி இப்ப கவலைப்பட வேண்டாம், ஆனா அது ஏன் இவ்வளவு மதிக்கப்படுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. 100 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் டி2 (நல்லா தொறந்திருக்கு), நடிகர் 2 மீட்டர் தூரத்துல நிக்கறாருன்னா ஷார்ப்பா இருக்கற ஆழம் சுமார் 4-5 சென்டிமீட்டர்தான். அவர் டயலாக் பேசிட்டே லேசா முன்னாடி சாஞ்சா போச்சு. மானிட்டர்ல சாஃப்ட் ஆனது தெரிஞ்ச பிறகு திருப்பினா அது லேட், உடம்பு அசையறதுக்கு முன்னாடியே கை அசையணும். அதனால ரிஹர்சல்ல மானிட்டர பாக்காம நடிகரப் பாருங்க, நிக்கற இடத்துக்கும் நாற்காலிக்கும் கதவுக்கும் எத்தனை அடி இருக்கும்னு மனசுக்குள்ள சொல்லி பிறகு டேப்ல அளந்து பாருங்க. இத வீட்லயும் பண்ணலாம், பொண்டாட்டி ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல.

குளிர்காலம் தனிப் பாடம். மைனஸ் பதினஞ்சுல வெளிய ஷூட் முடிச்சு நேரா ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ள லென்ஸ கொண்டு வந்து பெட்டிய தொறந்தா கண்ணாடி முழுக்க வேர்த்துப் போகும், துடைச்சாலும் திரும்ப வரும், மொத்த யூனிட்டும் உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கும். பெட்டிய மூடினபடியே உள்ள வச்சு மெதுவா சூடேற விடணும், இல்ல உள்ள சீனுக்குன்னு வேற லென்ஸ் செட்ட காலைலயே உள்ள வச்சிடணும். பேட்டரி குளிர்ல சீக்கிரம் இறங்கும், அடுத்து போடப் போறத சூடான இடத்துல வச்சிருங்க. உங்களுக்கும் அதே கதைதான், பூட்ஸ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

நேரம் பத்தி. பன்னண்டு பதிமூணு மணி நேரம் சாதாரணம். திங்கக்கிழமை விடிகாலைல ஆரம்பிக்கற கால் டைம் (செட்டுக்கு வர வேண்டிய நேரம்) வாரம் போகப் போக நகர்ந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு சனிக்கிழமை விடிஞ்ச பிறகு முடியும், ஃப்ரைடேயும் சாட்டர்டேயும் சேத்து ஃப்ராட்டர்டேன்னு ஒரு பேரே வச்சிருக்காங்க. யூனியன் ஷோல ஓவர்டைம், சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போனா பெனால்டி, ரெண்டு நாளுக்கு நடுவுல குறைஞ்சபட்ச ஓய்வு எல்லாம் இருக்கு, இருந்தாலும் களைப்புல கார் ஓட்டறது நீங்கதான். 1997ல பிரெண்ட் ஹெர்ஷ்மன்னு ஒரு அசிஸ்டெண்ட் கேமராமேன், அமெரிக்கால, 19 மணி நேர ஷூட் முடிச்சு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகும்போது தூங்கிப் போய் இறந்தார், ஹாஸ்கெல் வெக்ஸ்லர் மாதிரி பெரிய ஒளிப்பதிவாளர் அதுக்கப்புறம் வேலை நேரத்துக்காக வருஷக் கணக்கா போராடினார். 2014 பிப்ரவரி 20 அன்னிக்கு ஜார்ஜியால ஓடற ரயில் பாலத்து மேல ஷூட் பண்ணப் போய் சாரா ஜோன்ஸ்ங்கற செகண்ட் ஏசி செத்தாங்க, வயசு 27. ரெண்டு பேரும் நம்ம டிபார்ட்மெண்ட். ஊர்ல நமக்கு "சரி சார்"னு சொல்லியே பழக்கம். இங்க ஆபத்தான வேலைய மறுக்க ஒண்டாரியோ சட்டத்துலயே உரிமை இருக்கு, ஃபர்ஸ்ட் ஏடிகிட்ட (அசிஸ்டெண்ட் டைரக்டர்) நேரா "இது எனக்கு சேஃபா படல"ன்னு சொல்லுங்க. இத நான் அட்வைஸா சொல்லல, ஒழுங்கான ஃபர்ஸ்ட் ஏசி எவனும் தன்னோட ட்ரெய்னிகிட்ட எதிர்பாக்கறது இது.

குடும்பம் நடத்தலாமா? நடத்தறாங்க, நானும் நடத்தறேன், ஆனா மாசச் சம்பளம்னு நினைச்சு வீட்டு லோன் போடாதீங்க. இங்க பெரிய வேலை பெரும்பாலும் அமெரிக்கன் தயாரிப்புதான், பைன்வுட், சினிஸ்பேஸ் ஸ்டுடியோல நடக்கறதுல பாதி அங்க இருந்து வர்ற காசு. 2023ல மே மாசம் ரைட்டர்ஸ் ஸ்ட்ரைக், ஜூலைல ஆக்டர்ஸ் ஸ்ட்ரைக், அது முடிய நவம்பர் ஆச்சு, அதுவரைக்கும் டொரண்டோவும் சேர்ந்து காஞ்சது, ஸ்ட்ரைக்குக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல. நெறைய பேர் சுயதொழிலாத்தான் பில் போடறாங்க, வேலை இல்லாத நாள்ல சாதாரண இஐ (அரசாங்கத்தோட வேலையின்மை காப்பீடு) வராது. தொடர்ந்து நாலு காலாண்டுல 30,000 டாலர் தாண்டினா எச்எஸ்டிக்கு (விற்பனை வரி) ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும், அந்த 13 சதவீதம் உங்க காசு இல்ல, தனி அக்கவுண்ட்ல போட்டுடுங்க. வீட்டுல இன்னொருத்தருக்கு நிலையான வேலை இருந்தா முதல் ரெண்டு வருஷம் தாங்கும், இல்லன்னா ரெண்டல் ஹவுஸ் வேலைய விடாம லீவு போட்டு டே கால் போங்க.

கடைசியா, லைசென்ஸ். காலைல அஞ்சு மணி கால், லொக்கேஷன் ஊருக்கு வெளிய, பஸ் ரயில நம்பி ஒண்ணும் ஆகாது. ஊர்ல ஓட்டின அனுபவத்துக்கு முறையான லெட்டர் இருந்தா ஒண்டாரியோல காத்திருக்கற காலம் குறையும், இன்னும் வாங்கலன்னா இந்த வாரமே அதுக்கு எழுதிப் போடுங்க. ரெசூமே ஒரே பக்கம், எந்த கேமரா பாடி, எந்த ஃபோகஸ் சிஸ்டம் தொட்டிருக்கீங்கன்னு மேலயே போட்டு எனக்கு அனுப்புங்க, ஜனவரி ஃபிப்ரவரில ஆட்டம் மந்தமாத்தான் இருக்கும், மார்ச்சுக்கு மேல நமக்குத் தெரிஞ்ச செகண்ட் ஏசி ஒருத்தர் ட்ரெய்னி கேப்பார், பேர் சொல்லி வைக்கிறேன்.