மூளையே இல்லாத ஒட்டுண்ணிக்கு மணி எப்படித் தெரியும்?

கேள்வியைப் பார்த்தால் நீட்டுக்குப் படிக்கிற பிள்ளை போல இருக்கிறது. நான் விஞ்ஞானி இல்லை. யானைக்கால் நோய்த் தடுப்புப் பிரிவில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 'இவருக்கு என்ன தெரியும்' என்று வருகிறவர்கள், ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி விரலில் குத்திவிட்டு வந்து பேசட்டும்.

யானைக்கால் புழு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க, ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் இறங்கினால் முடிய நள்ளிரவாகும். படுத்தவரை எழுப்பி ரத்தம் கேட்டால் கொஞ்சுவார்களா? "பகல்ல வந்தா என்ன தம்பி?" என்பார்கள். பகல்ல புழு ரத்தத்துல வராது பாட்டி என்றேன் ஒரு வீட்டில். "அதுக்கும் டூட்டி நேரமா?" என்று கேட்டுவிட்டு விரலை நீட்டியது கிழவி. எடுத்த ஸ்லைடை மூடிவைக்காவிட்டால் விடிவதற்குள் கரப்பான் நக்கிவிடும். மறுநாள் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உறைக்குள் வளைந்து கிடக்கும் புழுவின் உடம்பெல்லாம் புள்ளி, வால் நுனியில் மட்டும் இருக்காது. அதுதான் யானைக்கால் நோயைத் தரும் நம்மூர் பான்கிராப்டி புழு.

பரப்புகிற க்யூலெக்ஸ் கொசு ராத்திரியில் கடிக்கும். அதனால் குட்டிப் புழு பகலெல்லாம் நுரையீரல் நுண்குழாய்களில் பதுங்கியிருந்து இரவில் தோலடி ரத்தத்துக்கு வரும். 1870களின் கடைசியில் சீனாவின் அமோயில் இதைக் கவனித்தவர் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பவருக்குச் சில நாளில் புழுவின் நேரமும் தலைகீழாகும். இதையெல்லாம் ஆழமாக ஆராய்ந்தவர் பிராங்க் ஹாக்கிங், ஸ்டீபன் ஹாக்கிங்கின் அப்பா. ஆகவே இந்தப் புழு நம் உடம்பைப் பார்த்து மணி சொல்கிறது என்பது என் கட்சி.

மலேரியா கிருமி அப்படியில்லை. பிலிப்பா ரிஜோ-பெரைரா என்ற உயிரியலாளரும் ஜோசப் டகஹாஷியும் மற்றவர்களும் சேர்ந்து 2020இல் எலிகளில் காட்டினார்கள்: முழு இருட்டில் வைத்தாலும், நாள் முழுக்கப் பரவலாகத் தீனி போட்டாலும், எலி உடம்பின் நேரத்தை நடத்தும் கடிகார மரபணுக்களையே நீக்கினாலும், கிருமியின் மரபணுச் செயல்பாடு தன் தாளத்தில் ஏறி இறங்கியது. ஆப்பிரிக்காவில் ஒருவகை ஈ பரப்பும் தூக்க நோயின் கிருமிக்கு இதை 2017லேயே காட்டிவிட்டார்கள். அதை உடம்புக்கு வெளியே வளர்த்தபோதும் தாளம் நிற்கவில்லை. சுராமின் மருந்துக்கு அது அடங்குவதும் நேரத்துக்கு நேரம் மாறியது. பழ ஈயில் 1971இல் பிடிபட்ட 'பீரியட்' என்ற கடிகார மரபணு மாதிரி எதுவும் மலேரியாக் கிருமியிடம் இல்லை. கடிகாரம் ஓடுகிறது, பல்சக்கரம்தான் கையில் சிக்கவில்லை. 'எலி வேறு, மனிதன் வேறு' என்று வாதிட வருபவர்களுக்கு: தெரியும் சார், அதனால்தான் எலி என்றே எழுதியிருக்கிறேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரவுப் படிக்கான பில்லில் தணிக்கைக்காரர் ஒருவர் 'இப்பணியைப் பகலில் செய்திருக்கலாமே' என்று குறிப்பெழுதி நிறுத்திவைத்தார். மேன்சன் காலத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். 'ஆதார அரசாணையை இணைக்கவும்' என்று திரும்பி வந்தது. புழு அரசாணை பார்த்தா வருகிறது? அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.