மதகு காத்தவருக்கு ஊர் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊரில் கீழ்பவானி வாய்க்காலில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் போன மாதம் காலமானார். முறை வைத்து விடும் தண்ணீரை யாருக்கும் கூட்டாமல், யாருக்கும் குறைக்காமல் விட்ட மனிதர். ஒருமுறை கரை உடைப்பெடுத்தபோது ராத்திரி முழுவதும் தண்ணீருக்குள் நின்று மணல் மூட்டை அடுக்கினார். பஸ் நிறுத்தத்தில் சிலை வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கருமாதிக்குப் பெரிய பிளக்ஸ் வைத்ததே போதும் என்கிறார்கள் சிலர். அவர் மனைவியோ எதுவும் வேண்டாம் என்கிறார். அவர் எழுதி வைத்திருந்த பழைய பாக்கெட் நோட்டுகள் நாலைந்து மகளிடம் இருக்கின்றன. நாங்கள் என்ன செய்யலாம் ஐயா?
- வாசகர், பெருந்துறை வட்டம்

பதில்: முதலில் அந்த நோட்டுகளைக் கரையான் அரிக்காத இடத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் தம்பி. சிலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நான் கடைமடைக்காரன். எங்கள் தோட்டம் முத்தூர்ப் பக்கம். பவானிசாகர் அணையில் திறந்த தண்ணீர் 200 கிலோமீட்டர் வாய்க்காலில், வழியில் எத்தனையோ மதகுகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேரும். மொத்தம் 2,07,000 ஏக்கர் பாசனம். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு அடுத்த போகம். தலைமடையில் ஒருவர் ஷட்டரை நாலு விரற்கடை கூடத் தூக்கினால் கடைமடையில் கடலைச் செடி காயும். அணையைக் கட்டிய பெரியவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அணைத் தண்ணீர் என் அப்பாருவின், அதாவது தாத்தாவின், வயலுக்கு வந்ததற்குக் காரணம் சைக்கிளில் கரையோடு வந்த ஒரு லஸ்கர். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர் வருவது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. தை பிறந்து புன்செய் முறை ஓடும் நாட்கள். பனி இறங்கும் இரவு. அப்பாரு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மண்வெட்டியோடு எங்கள் கிளை வாய்க்கால் தலைப்பில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நான். தூரத்தில் டைனமோ வெளிச்சம் ஆடி ஆடி வரும். லஸ்கர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு இறங்குவார். டார்ச்சை அடித்து, அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். ஷட்டரின் திருகை ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருப்புவார். பிறகு மடிப்புச் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஏதோ எழுதுவார். அப்பாரு காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னால், "உங்கள் முறை முடியட்டும், வந்து குடிக்கிறேன்" என்பார். முறை முடிந்த மறுநாள் சொன்னபடியே வருவார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடிப்பார். தண்ணீர் ஓடும் நாளில் எந்தத் தோட்டத்திலும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

இந்தக் குணம் நம் மண்ணில் புதியதும் அல்ல. பவானியில் அணை கட்டி, 90 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியரிடம் அதிகாரியாக இருந்தவர். தன் காட்டுக்காக வெட்டிக்கொண்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, தானும் தன் வழிவந்தவர்களும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சொல்லி, ஊரை விட்டே போய்விட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. ஆண்டுதோறும் தை 5-ஆம் தேதி உழவர்கள் அவரை நினைத்து வணங்குகிறார்கள். உங்கள் லஸ்கரும் அந்த வரிசையில் நிற்கத் தகுந்தவர் என்றே நான் நினைக்கிறேன்.

இனி சிலைக்கு வருகிறேன். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பஸ் நிறுத்தத்தை மறந்துவிடுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் நான் வேறு ஒன்றைத்தான் சொல்வேன். நம் கொங்குக் காடுகளில் புலிக்குத்திக் கல் பார்த்திருப்பீர்கள். மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியோடு மல்லுக்கு நின்று செத்தவனுக்கு நட்ட கல். புலி பாய்கிறது, அவன் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். பல கற்களில் எழுத்தே இருக்காது. ஆனால் அந்த ஆள் என்ன செய்தான் என்பது நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கழித்து வருகிறவனுக்கும் தெரிகிறது. இன்று நாம் வைக்கும் பிளக்ஸில் முகம் இருக்கிறது, பிறப்பும் இறப்பும் இருக்கின்றன, அஞ்சலி செலுத்துவோரின் முகங்களும் இருக்கின்றன. அவர் செய்த காரியம் எங்கே?

அதனால் ஒரு கல் நடுங்கள். இடுப்பளவு உயரம் போதும். மதகின் உருவத்தையும் ஷட்டரைத் திருப்பும் ஓர் ஆளையும் செதுக்கச் சொல்லுங்கள். இன்ன மதகை இத்தனை ஆண்டுகள் திறந்து மூடியவர், கரை உடைந்த இரவில் தண்ணீருக்குள் நின்றவர் என்று இரண்டு வரி. பெயருக்குப் பின்னால் சாதி வேண்டாம். எல்லார் வயலுக்கும் தண்ணீர் விட்டவர் அவர். வாய்க்கால் கரை நீர்வளத் துறையின் இடம், அங்கே நட அவர்களின் அனுமதி வேண்டும். ஊராட்சி நூலக வாசல் கிடைத்தால் இன்னும் சுலபம். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் 15-லும் கூடுகிறது; கீழ்பவானியில் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கமாக அந்த நாளில்தான். கல்லைத் திறக்க அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தோன்றவில்லை.

கல் தயாராவதற்குள் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். உடைப்பு அன்று அவரோடு நின்றவர்கள் யார் யார்? அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த மதகுக்குக் கீழே உடைந்தது, மூட்டை எங்கிருந்து வந்தது, விடியும்போது யார் சோறு கொண்டுவந்தார்கள், எல்லாம் வேண்டும். நோட்டுகளில் உள்ள அளவுகளைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு படியெடுங்கள். எங்கள் லஸ்கரிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

அந்த அம்மா எதுவும் வேண்டாம் என்கிறாரே, அதை மதியுங்கள். கும்பலாகப் போகாமல், ஊர்ப் பெண்கள் இருவர் போய் ஒரு சாயங்காலம் அவரோடு உட்காரட்டும். ஆரவாரம்தான் வேண்டாம் என்கிறாரா, கல்லே வேண்டாம் என்கிறாரா என்று கேட்டு வரட்டும். கல்லே வேண்டாம் என்றால் நடாதீர்கள். எழுதி வைப்பதற்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள்.

கேள்வி: அப்படி எழுதும்போது அவருடைய முன்கோபத்தையும் எழுதலாமா? எங்கள் ஊர் லஸ்கரிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இல்லை.
- வாசகி, சென்னிமலை

பதில்: எழுதுங்கள் அம்மா. யாரை, எதற்காகத் திட்டினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற என் அத்தை காலமாகிவிட்டார். மாமா தனியாக இருக்கிறார். அத்தையின் நினைவாக ஏதாவது செய்ய ஆசைப்படுகிறேன்.
- வாசகர், தாராபுரம்

பதில்: மாமாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்தால் கட்டணம் கிடையாது. சான்றிதழோடு அத்தையின் ஓய்வூதியப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போங்கள். மாமாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.