கையெழுத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? – திருப்பூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

போன கட்டுரையில போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க, பிரிட்டன் கூட போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்கு நம்ம பார்லிமென்ட்ல ஒரு ஓட்டெடுப்பு கூட நடக்கல, இது சரியில்லன்னு. நான் திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட்ல இருக்கேன். பங்களாதேஷ்காரன் லண்டனுக்கு வரியே இல்லாம சரக்கு அனுப்புறான், நாங்க வரியையும் சுமந்துகிட்டு அவன்கூட ரேட்ல மோதணும். இப்பதான் ஒரு விடிவு வந்திருக்கு. இத எம்பிக்கள்கிட்ட குடுத்தா ஆளுக்கொரு வாசகத்த மாத்தச் சொல்வாங்க, அமளி, ஒத்திவைப்பு, அப்புறம் எந்த நாடு நம்மகூட பேச வரும்? படிச்ச ஆபீசருங்க வருஷக்கணக்கா பேசி முடிச்சத கூச்சல் போடுறவங்க ஏன் சார் தொடணும்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

ஒப்பந்தம் உங்க ஊருக்கு நல்லதுன்னே வச்சுக்குவோம், எனக்கு அதுல சண்டை இல்ல.

முதல்ல நம்ம நடைமுறைய சொல்லிடறேன், பல பேருக்கு இது தெரியாது. அரசியல் சட்டத்தோட 253வது பிரிவு, வெளிநாட்டு ஒப்பந்தத்த அமல்படுத்த பார்லிமென்ட் எந்த சட்டம் வேணும்னாலும் போடலாம், மாநிலப் பட்டியல்ல இருக்கிற விஷயமா இருந்தாலும் சரின்னு சொல்லுது. அமல்படுத்த மட்டும்தான். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பார்லிமென்ட்டக் கேக்கணும்னு எங்கயும் இல்ல. கேக்க வைக்கணும்னு தனிநபர் மசோதாக்கள் வந்துச்சு, ஒண்ணும் தேறல. அதுலயும் வரிய மட்டும் குறைக்கணும்னா புது சட்டமே வேண்டாம், கஸ்டம்ஸ் சட்டம் 25வது பிரிவுல ஒரு நோட்டிபிகேஷன் போதும். 2009 ஆகஸ்ட்ல தென்கிழக்கு ஆசிய நாடுகளோட ஆசியான் ஒப்பந்தம் போட்டப்ப மிளகு இறக்குமதி வரி 70 சதவீதத்துலேருந்து 50 ஆகும், டீ காபிக்கு 100லேருந்து 45 ஆகும்னு பத்து வருஷக் கணக்கு எழுதி கையெழுத்து போட்டாங்க, அத எதிர்த்து கேரளாவுல அந்த அக்டோபர் 2ஆம் தேதி ஆளுங்கட்சிக்காரங்களே காசர்கோட்லேருந்து திருவனந்தபுரம் வரைக்கும் மனிதச் சங்கிலி புடிச்சு நின்னாங்க. விவசாயம் மாநிலப் பட்டியல்ல இருக்கு. ஆனா ஒரு மாநில அரசுக்கு டெல்லில பேசிப் பாத்தப்புறம் மிச்சம் இருந்தது ரோடுதான்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன், கூச்சல் போடுறவங்க ஏன் தொடணும்னு கேட்டீங்கல்ல, 2005ல தொட்டாங்க, அதனால என்ன ஆச்சுன்னு பாருங்க.

1994 ஏப்ரல்ல மராகேஷ்ல உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்துல நாம கையெழுத்து போட்டோம், ஓட்டெடுப்பு கிடையாது. அதுக்குள்ள அறிவுசார் சொத்துரிமை பத்தி டிரிப்ஸ்னு ஒரு பகுதி, அதுபடி 2005லேருந்து மருந்துக்கே பேடன்ட் (கண்டுபுடிச்ச கம்பெனி மட்டும் செஞ்சு விக்கிற உரிமை) குடுத்தாகணும். 1970 பேடன்ட் சட்டப்படி நம்ம நாட்டுல மருந்து தயாரிக்கிற முறைக்குத்தான் பேடன்ட், மருந்துக்கு கிடையாது, நம்ம கம்பெனிங்க வேற முறைல அதே மருந்த செஞ்சு சல்லிசா வித்தது அதனாலதான். கெடு நெருங்கினதும் 2004 டிசம்பர்ல அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டுச்சு. அவசரச் சட்டத்த அப்படியே வச்சுக்க முடியாது, சபைல மசோதாவா பாஸ் பண்ணியாகணும், அங்கதான் மாட்டுனாங்க, ஏன்னா காங்கிரஸ்கிட்ட இருந்தது 145 சீட், வெளிய இருந்து தாங்கிட்டிருந்தது இடதுசாரிங்க, கிட்டத்தட்ட 60 பேரு. அவங்க பேரம் பேசி சில திருத்தம் வாங்குனாங்க. அதுல ஒண்ணுதான் 3(டி) பிரிவ இறுக்கினது. பழைய மருந்த கொஞ்சம் உருமாத்தி புதுசுன்னு கொண்டு வந்தா பேடன்ட் கிடையாது, நோய குணப்படுத்துற திறன் நிஜமாவே கூடியிருக்குன்னு நிரூபிச்சாதான் குடுப்போம். 2005 மார்ச்சுல பாஸ் ஆச்சு.

அடுத்த வருஷமே அது வேலை செஞ்சுது, அதுவும் நம்ம சென்னைல. ரத்தப் புற்றுநோய்க்கு நோவார்டிஸ் கம்பெனியோட கிளிவெக்னு ஒரு மாத்திரை, மாசத்துக்கு 1.2 லட்சம் கிட்ட ஆகும், நம்ம கம்பெனிங்க அதையே எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு குடுத்துட்டு இருந்தாங்க. 2006 ஜனவரில சென்னை பேடன்ட் ஆபீஸ் அந்த விண்ணப்பத்த தள்ளுபடி பண்ணுச்சு. கம்பெனி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்து 3(டி) பிரிவே செல்லாது, அது டிரிப்ஸுக்கு விரோதம்னு வாதாடுச்சு, 2007ல தோத்துச்சு. சுப்ரீம் கோர்ட்ல 2013 ஏப்ரல் 1ஆம் தேதி கடைசியாவும் தோத்துச்சு. அந்தப் பிரிவு அப்படி இறுகினது ஓட்டு வேணும்ங்கிற நெருக்கடியிலதான். அரசுக்கு 280 சீட் இருந்திருந்தா அவசரச் சட்டத்துல இருந்ததே கமா மாறாம பாஸ் ஆகியிருக்கும்.

அதனால எம்பிக்கள் எல்லாம் மேதைங்கன்னு நான் சொல்லல. அவங்ககிட்ட ஓட்டுக்காக போய் நிக்க வேண்டிய நிலைமை வந்தாதான் மந்திரியும் ஆபீசரும் பேப்பர எடுத்து வச்சு விளக்கம் சொல்லுவாங்க, எதையாவது விட்டுக்குடுப்பாங்க.

ஆனா இதே கதைல உங்க பயத்துக்கும் ஒரு ஆதாரம் இருக்கு, அத மறைக்க வேண்டாம். இதே டிரிப்ஸுக்காக 1994 டிசம்பர் 31ஆம் தேதியே ஒரு அவசரச் சட்டம் வந்துச்சு, அது மசோதாவா ராஜ்யசபாவுக்குப் போய் மாட்டிகிட்டு காலாவதி ஆச்சு. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புல நம்ம மேல கேஸ் போட்டு 1997ல ஜெயிச்சுது, 1999ல சட்டத்த மாத்தினோம். பாத்தீங்களா பார்லிமென்ட் இழுத்தடிச்சு தலைகுனிவுன்னு நீங்க சொல்லலாம். எனக்குப் படுறது வேற: கையெழுத்து போட்டு முடிச்சப்புறம் தலையாட்டச் சொன்னா இப்படித்தான் ஆகும், சபைல இல்லன்னு சொன்னா வெளிய கேஸ், சரின்னு சொன்னா அது என்ன ஓட்டு? கேக்குறதுன்னா முன்னாடி கேக்கணும்.

ஆளுக்கொரு வாசகத்த மாத்துவாங்கன்னு சொன்னீங்க. அதுக்கு அமெரிக்காக்காரன் 1974லயே வழி கண்டுபுடிச்சிட்டான், ஒப்பந்தத்துக்கான மசோதாவுல ஒரு வார்த்தைய கூட திருத்த முடியாம, வேணும் வேண்டாம்னு மட்டும் ஓட்டு நடந்துச்சு (அந்த ஏற்பாடு 2021ல காலாவதி ஆச்சு). 2005ல மத்திய அமெரிக்க நாடுகளோட போட்ட ஒப்பந்தம் 217க்கு 215ன்னு தப்பிச்சுது. தென்கொரியாவுல 2011ல அமெரிக்க ஒப்பந்த ஓட்டெடுப்பப்ப ஒரு எம்பி சபைக்குள்ளயே கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டாரு, அதுக்கப்புறமும் ஓட்டு நடந்து பாஸ் ஆச்சு (அமளின்னா இது, நம்மாளுங்க சும்மா அட்டைதான் தூக்குறாங்க). இதெல்லாம் பாத்து எந்த நாடும் அவங்களோட பேச மாட்டேன்னு சொல்லல.

பார்லிமென்ட்ட முன்னாடியே கேக்கணும்ங்கிற என்னோட யோசனைல பெரிய ஓட்டை வேற ஒரு இடத்துல இருக்கு, அத நீங்க கேக்கவே இல்ல. 1985லேருந்து கட்சித் தாவல் சட்டம், கொறடா உத்தரவ மீறி ஓட்டு போட்டா பதவி போகலாம், அப்புறம் மெஜாரிட்டி இருக்கிற அரசுக்கு ஓட்டெடுப்பு ஒரு குரல் ஓட்டு, அஞ்சு நிமிஷம். அதனால சபை ஓட்டுக்கு முன்னாடி வர்த்தக நிலைக்குழுவுக்கு (பல கட்சி எம்பிக்கள் இருக்கிற குழு) அனுப்பணும்ங்கிறத சேத்தே சொல்றேன். நிலைக்குழுவுல கொறடா கிடையாது, கதவ மூடிகிட்டு பேசுறதால டிவிக்காக கத்தவும் தேவையில்ல, திருப்பூர்லேருந்து உங்க சங்கமும் போய் சாட்சி சொல்லலாம், மருந்துக்காரங்களும் போய் சொல்லலாம்.

மருந்துன்னு ஏன் திரும்பச் சொல்றேன்னா, நீங்க பனியனுக்காக வரவேற்கிற அதே பிரிட்டன் ஒப்பந்தத்துல, மக்களுக்கு மருந்து கிடைக்க கம்பெனி தானா முன்வந்து லைசென்ஸ் குடுக்கிறதுதான் சிறந்த வழின்னு ரெண்டு அரசும் ஒத்துக்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கு. 2012ல நாம கட்டாய லைசென்ஸ் (பேடன்ட் வச்சிருக்கிற கம்பெனி சம்மதம் இல்லாமலே வேற கம்பெனி செய்ய அனுமதி) குடுத்து ஒரு புற்றுநோய் மருந்த மாசம் 2.8 லட்சத்துலேருந்து 8,800 ரூபாய்க்கு கொண்டு வந்தோம், அந்த கம்பெனி தானா முன்வரல. இந்த வாசகத்தால சட்டம் மாறிடாதுன்னு அரசு சொல்லுது, சரியா கூட இருக்கலாம். ஒரு குழு ஆபீசர கூப்பிட்டு இது எதுக்கு, பதிலுக்கு என்ன வாங்குனீங்கன்னு கேட்டு எழுத்துல பதில் வாங்கியிருந்தா உங்க பனியனுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?

கடைசியா தாமதம். 2025 ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தானவுடனே உங்களுக்கு வரி இறங்கிடல, ஏன்னா பிரிட்டன்ல 2010ல போட்ட ஒரு சட்டப்படி ஒப்பந்தத்த சபைல வச்சு, சபை கூடுற நாளாப் பாத்து 21 நாள் பொறுக்கணும், அதுக்குள்ள காமன்ஸ் (அவங்க கீழ்சபை) வேண்டாம்னு தீர்மானம் போட்டா தள்ளிப்போகும். அங்கயும் கட்டாய ஓட்டு இல்ல, அவங்க எம்பிக்களுக்கே அதுல மனக்குறை உண்டு. ஆனாலும் அவங்க சபை படிச்சு முடிக்கட்டும்னு திருப்பூர் மொத்தமும் பொறுத்துகிட்டு இருந்துச்சுல்ல, அப்ப யாரும் லண்டன்ல கூச்சல் போடுறவங்க ஏன் தொடணும்னு கேக்கலையே.

அன்புடன்.