இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் போகும் மாணவர்கள் உள்ளே என்னதான் செய்வார்கள்?

டைனோசர் எலும்பைத் தொட விடுவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொல்லுயிர்த் துறையில் இடம் கிடைத்தால் வாய்ப்புண்டு. மற்றபடி வேலை வேறு மாதிரி.

அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 14 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. பார்வையாளர் கண்ணில் படுவது துளிதான். மீதியெல்லாம் பின்கட்டில், இழுப்பறைகளிலும் ஆல்கஹால் ஜாடிகளிலும். எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று பழைய சீட்டைப் படித்துக் கணினியில் ஏற்றுவது, படமெடுப்பது, ஜாடியில் ஆல்கஹால் குறைந்தால் ஊற்றுவது - மாணவர் கைக்குப் பெரும்பாலும் வருவது இதுதான். சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் சீட்டு தொலைந்துவிட்டால் அது வெறும் செத்த பூச்சி, ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது எலும்பு சுத்தம் செய்யும் கூடம். சதை ஒட்டிக் காய்ந்த எலும்புக்கூட்டைப் பெட்டிக்குள் வைத்தால் டெர்மெஸ்டிட் வண்டுகளும் அவற்றின் புழுக்களும் சதையை மட்டும் தின்றுவிடும். எலி மண்டையோட்டின் மெல்லிய எலும்புகூட உடையாது. அப்புறம் எலும்பை உறைய வைத்து, ஒளிந்திருக்கும் வண்டுகளைக் கொல்வார்கள். அவை தப்பித்துச் சேகரிப்புக்குள் புகுந்தால் பாடம் செய்த தோல்களெல்லாம் காலி! நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பத்தில் 'சிறுவயது முதலே டைனோசர் பிடிக்கும்' என்று எழுதாதீர்கள். எந்தத் துறை, எந்த ஆய்வில் சேர ஆசை என்று குறிப்பாக எழுதுங்கள்.